நடுங்கிய கை

பெரும்பாலான விளையாட்டுகளில் ஐம்பது வயதுக்காரர் பயிற்சியாளராகவோ வர்ணனையாளராகவோ எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்பவர். தொழில்முறை கோல்ஃபிலோ ஐம்பதாவது பிறந்தநாள் ஒரு புதிய போட்டித் தொடருக்குள் நுழைவதற்கான தகுதியாகக் கொள்ளப்படுகிறது. பிஜிஏ டூர் சாம்பியன்ஸ் என்று இப்போது அழைக்கப்படும் அமெரிக்க மூத்தோர் சுற்று, அதாவது ஆண்டு முழுவதும் ஊர் ஊராகச் சென்று பரிசுப் பணத்துக்காக ஆடப்படும் போட்டிகளின் வரிசை, 1980இல் இரண்டே போட்டிகளோடு தொடங்கியது. அதற்கு வித்திட்டது 1978இல் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் தொலைக்காட்சியை மனத்தில் கொண்டு நடத்தப்பட்ட 'லெஜெண்ட்ஸ் ஆஃப் கோல்ஃப்' என்ற பந்தயம். பெயர்பெற்ற பழைய ஆட்டக்காரர்களை இருவர் இருவராகச் சேர்த்து ஆடவைத்த அந்தப் பந்தயத்தை அறுபத்தைந்து வயதுச் சாம் ஸ்னீடும் அவருடைய கூட்டாளியும் வென்றார்கள். அடுத்த ஆண்டு முதலிடத்தில் சமநிலை ஏற்பட்டு ஆட்டம் கூடுதல் குழிகளுக்கு நீண்டபோது, நரைத்த தலைகளின் ஆட்டத்தையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க முடியும் என்பதைத் தொலைக்காட்சி நிறுவனங்களும் பார்வையாளர்களும் ஒருசேரக் கண்டுகொண்டார்கள்.

இந்தச் சுற்றின் நடைமுறைகளில் வயதுக்குரிய சலுகைகள் உண்டு. வழக்கமான தொழில்முறைப் போட்டி நாளுக்கு 18 குழிகள் வீதம் நான்கு நாட்களில் 72 குழிகளைக் கொண்டது. இரண்டாம் நாள் முடிவில் பின்தங்கியவர்களை வெளியேற்றும் 'கட்' என்ற வெட்டுமுறையும் அதில் இருக்கிறது. மூத்தோர் சுற்றின் பெரும்பாலான போட்டிகள் மூன்று நாட்களில் 54 குழிகளோடு முடிந்துவிடுகின்றன. அவற்றில் வெட்டு கிடையாது. ஆடுபவர்கள் 78 பேர் என்ற அளவிலேயே இருக்கிறார்கள். பல போட்டிகளில் சிறு வண்டியில் ஏறிச் செல்லவும் அனுமதி உண்டு. இவற்றைச் சுட்டிக்காட்டி, இச்சுற்றைப் பழைய புகழின் நினைவுக் காட்சி என்று ஒதுக்குவோர் இன்றும் உள்ளனர். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் அப்போதுதான் ஐம்பதை எட்டியவர்கள், இளையோர் களத்தின் வேகம் உடலை விட்டு நீங்காத நிலையிலேயே, உள்ளே வந்துகொண்டிருக்கிறார்கள் என்பதையும், அறுபதைத் தாண்டியவர் வெல்ல வேண்டுமானால் தம்மைவிடப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் இளையவர்களைத்தான் வெல்ல வேண்டியிருக்கிறது என்பதையும் அவர்கள் கணக்கில் கொள்வதில்லை. முதல் ஐந்தாறு ஆண்டுகளில் வெற்றிகளைக் குவித்துவிட்டுப் பின்னர் மெல்லத் தேய்வதே இச்சுற்றில் பொதுவாகக் காணப்படும் போக்கு.

அந்தப் போக்குக்கு உட்படாத ஒருவர் உண்டு. ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் லாங்கர் 2007இல் இச்சுற்றில் நுழைந்த ஆண்டிலேயே முதல் வெற்றியைப் பெற்று, 2024 வரை தொடர்ந்து 18 ஆண்டுகள், ஆண்டுக்கு ஒன்றாவது வென்று, மொத்தம் 47 வெற்றிகளை அடைந்திருக்கிறார். 'மேஜர்' என்று சிறப்பித்துச் சொல்லப்படும் முதன்மைப் போட்டிகள் மூத்தோர் சுற்றில் ஐந்து. அவை ஐந்தையும் வென்ற முதல் ஆட்டக்காரர் அவர். அவர் வென்ற மூத்தோர் மேஜர்கள் 12. ஆண்டு முழுமைக்குமான சார்ல்ஸ் ஷ்வாப் கோப்பை ஆறு முறை அவரிடம் வந்திருக்கிறது. இந்த எண்களை ஒழுக்கம், உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி ஆகியவற்றின் விளைவு என்று விளக்கிவிடுவது எளிது. அவை அனைத்தும் லாங்கரிடம் உண்டு, ஆனால் அவர் காலத்து வேறு பலரிடமும் அவை இருந்தன. முதுமை ஓர் ஆட்டக்காரரிடமிருந்து எதைப் பறிக்கிறதோ அதை லாங்கர் இருபது வயதை எட்டும்போதே பறிகொடுத்திருந்தார் என்பதும், பறிகொடுத்ததை ஒவ்வொரு முறையும் வேறு வழியில் மீட்டெடுத்தார் என்பதும் அவருடைய பிற்கால வெற்றியை இன்னும் ஆழமாக விளக்குகின்றன.

கோல்ஃபில் பந்து அசையாமல் கிடக்கிறது. அடிப்பவர் விரும்பும் நேரத்தில் அடிக்கலாம். ஓடவோ எதிராளியின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவோ தேவையில்லாததால், தசை வலுவின் இழப்பை அனுபவத்தால் ஓரளவு ஈடுகட்ட முடிகிறது. ஈடுகட்ட முடியாத இடம் ஒன்று உண்டு. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டப்பட்ட புல்தரையைக் 'கிரீன்' என்றும், அதன்மேல் பந்தைக் குழியை நோக்கி உருட்டிவிடுவதைப் 'பட்' என்றும் சொல்வார்கள். முந்நூறு கஜ தூரம் பந்தைப் பறக்கவிடுவதும் மூன்றடித் தூரம் அதை உருட்டிவிடுவதும் கணக்கில் ஒன்றே. இரண்டும் ஒவ்வொரு 'ஸ்ட்ரோக்', அதாவது ஒரு முறை அடித்ததாக எண்ணப்படுகின்றன. உருட்டுவதற்கு வலு வேண்டியதில்லை. அசைவு மட்டும் துல்லியமாக இருக்க வேண்டும். அந்தச் சிறிய அசைவைச் செய்யப் போகும் கணத்தில் மணிக்கட்டு தன்னிச்சையாக வெட்டி இழுக்கிற நிலைக்கு ஆட்டக்காரர்களிடையே 'யிப்ஸ்' என்று பெயர். அந்தச் சொல்லைப் பரப்பியவர் பழைய ஆட்டக்காரர் டாமி ஆர்மர். இதை ஒரு பகுதி நரம்பு–தசைக் கோளாறாகவும் ஒரு பகுதி மன அழுத்தத்தின் விளைவாகவும் மருத்துவர்கள் கருதுகிறார்கள். நெடுங்காலம் ஆடித் தேய்ந்த கைகளையே இது பெரும்பாலும் பிடிக்கும். பென் ஹோகன் தம் பிற்காலத்தில் கிரீனில் மட்டையைப் பின்னுக்கு இழுக்கக்கூட முடியாமல் உறைந்து நின்றிருக்கிறார். சாம் ஸ்னீட் பந்து செல்லும் கோட்டின் இருபுறமும் கால்களை ஊன்றி நின்று உருட்டும் முறையைக் கைக்கொள்ள, 1968 முதல் அதுவும் விதிகளால் தடைசெய்யப்பட்டது.

லாங்கருக்கு இது வந்தது பத்தொன்பது வயதையொட்டி. அவர் 1957 ஆகஸ்ட் 27 அன்று பவேரியாவில் ஆக்ஸ்பர்க் நகருக்கு அருகிலுள்ள ஆன்ஹவுசன் என்ற சிற்றூரில் பிறந்தவர். அவருடைய தந்தை எர்வின், போரின் முடிவில் சைபீரியாவை நோக்கிச் சென்ற போர்க்கைதிகளின் ரயிலிலிருந்து குதித்துத் தப்பி வந்து, அந்த ஊரில் கொத்தனாராகப் பிழைத்தவர். அண்ணனும் அக்காவும் ஆக்ஸ்பர்க் கோல்ஃப் கிளப்பில் ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் வேலைக்குப் போனதைப் பின்பற்றிப் பள்ளிச் சிறுவனான பெர்ன்ஹார்டும் போனார். உறுப்பினர்கள் கழித்துவிட்ட சில பழைய மட்டைகளே அங்குச் சிறுவர்களின் ஆட்டக்கருவி. உருட்டும் மட்டையின் தண்டு வளைந்திருந்தது. அந்நாளைய மேற்கு ஜெர்மனியில் கோல்ஃப் மிகச் சிலரின் பொழுதுபோக்கு. அதைத் தொழிலாகக் கொள்ள விரும்பிய சிறுவனுக்கு வேலை வழிகாட்டும் அலுவலகத்தின் தொழில் பட்டியலில் அப்படியொரு தொழிலே இருக்கவில்லை என்பதை லாங்கர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1972இல், பதினைந்து வயதில், மியூனிக் கோல்ஃப் கிளப்பில் பயிற்சியாளரின் உதவியாளராக அவர் சேர்ந்தார். முன்மாதிரியாகக் கொள்ள ஒரு ஜெர்மானிய ஆட்டக்காரர்கூட இல்லாத நிலையில் அது கைத்தொழில் ஒன்றில் எடுபிடியாகச் சேர்வதற்கு ஒப்பானது. அவருடைய ஆட்டத்தில் கடைசி வரை தெரியும் தொழிலாளித் தன்மைக்கு அந்தத் தொடக்கமே காரணம் என்று கொள்வதில் தவறில்லை.

ஐரோப்பியச் சுற்றுக்கு வந்த புதிதில், பரிசுப் பணம் இல்லையேல் அடுத்த போட்டிக்குப் போக வழியில்லை என்ற நெருக்கடியோடு, இத்தாலியிலும் ஸ்பெயினிலும் வழக்கத்தைவிட வேகமாகப் பந்து ஓடும் கிரீன்களில் ஆட வேண்டி வந்தபோதுதான் கை நடுங்கத் தொடங்கியது. கட்டாய ராணுவச் சேவையின்போது முதுகிலும் காயம் பட்டது. தம் ஆட்டவாழ்வில் யிப்ஸால் நான்கு முறை பீடிக்கப்பட்டதாக லாங்கரே சொல்லியிருக்கிறார். முதல் முறை அவர் கண்ட தீர்வு, வழக்கமாக மேலே இருக்கும் இடக்கையை வலக்கைக்குக் கீழே கொண்டுபோய்ப் பிடிப்பது. 1985இல் அமெரிக்காவின் அகஸ்டாவில் மாஸ்டர்ஸ் போட்டியை வென்றபோது குறுகிய தூரத்துக்கு இந்தப் பிடியையும் நீண்ட தூரத்துக்குப் பழைய பிடியையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார். அடுத்த ஆண்டு உலகத் தரவரிசை முதன்முதலாக வெளியானபோது அதன் முதலிடம் அவருக்கு. இரண்டே ஆண்டுகளில் கை மீண்டும் கைவிட்டது: 1988இல் இங்கிலாந்தின் ராயல் லித்தம் மைதானத்தில் நடந்த ஓப்பன் போட்டியில், ஒரு குழியில் பந்தை உள்ளே அனுப்ப ஐந்து முறை உருட்ட வேண்டியிருந்தது. உலகின் முதல் ஆட்டக்காரராக இருந்தவர் திரண்டிருக்கும் கூட்டத்தின் முன்னால் ஒரு கிரீனில் ஐந்து முறை உருட்டுவது எத்தகைய அவமானம் என்பதை, இந்த ஆட்டத்தை ஆடாதவர்களும் உணர முடியும்.

அதன்பின் அவர் கண்ட பிடி, பார்ப்பதற்கு முறிந்த எலும்புக்கு மட்டை வைத்துக் கட்டியது போலிருக்கும்: இடக்கை மட்டையின் தண்டைத் தாழ்வாகப் பற்ற, மட்டையின் மேல்முனை இடது முன்கையோடு ஒட்டி நிற்க, அந்த முன்கையையும் மட்டையையும் சேர்த்து வலக்கை இறுகப் பிடித்துக்கொள்ளும். மணிக்கட்டு நடுங்கினாலும் மட்டை அசையாதபடி செய்யும் ஏற்பாடு இது. அழகு பார்க்கப்படும் ஒரு விளையாட்டில் அழகைத் துறந்து கண்ட இந்தப் பிடியோடுதான் அவர் 1993இல் மாஸ்டர்ஸை இரண்டாம் முறை வென்றார். 1990களின் பிற்பகுதியில் நடுக்கம் மறுபடி வந்தபோது, மார்பளவு உயரமுள்ள நீண்ட உருட்டுமட்டைக்கு மாறினார். ஒவ்வொரு முறையும் அவர் விட்டுக்கொடுத்தது, அதுவரை உடலில் ஊறிப்போயிருந்த ஒரு பழக்கத்தை.

இடையில் 1991 வருகிறது. ஐரோப்பிய அணிக்கும் அமெரிக்க அணிக்கும் இடையே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் ரைடர் கோப்பை, அந்த ஆண்டு தென் கரோலினாவின் கியாவா தீவில் நடந்தது. மூன்று நாள் போட்டியும் கடைசி ஆட்டத்தின் கடைசிக் குழியில் வந்து நின்றது. லாங்கரின் எதிரே நின்றவர் மும்முறை யுஎஸ் ஓப்பனை வென்ற ஹேல் இர்வின். நான்கு குழிகள் எஞ்சியிருந்தபோது இரண்டு குழிகள் பின்தங்கியிருந்த லாங்கர், ஆட்டத்தைச் சமநிலைக்குக் கொண்டுவந்து, ஏறக்குறைய ஆறடித் தூரத்திலிருந்து உருட்ட வேண்டிய ஒரு பட்டின் முன் நின்றார். அது உள்ளே விழுந்திருந்தால் கோப்பை ஐரோப்பாவிடமே இருந்திருக்கும். பந்து குழியின் ஓரத்தைக் கடந்து போயிற்று. அமெரிக்கா 14½–13½ என்ற கணக்கில் வென்றது. கோல்ஃப் வரலாற்றில் மிக அதிகமாகப் பேசப்பட்ட தவறிய பட்டுகளில் ஒன்று, யிப்ஸோடு போராடிக்கொண்டிருந்த மனிதரின் கையில் வந்து சேர்ந்தது. அடுத்த வாரமே ஸ்டுட்கார்ட்டில் நடந்த ஜெர்மன் மாஸ்டர்ஸில், சமநிலையை எட்டுவதற்குக் கடைசி கிரீனில் ஏறக்குறைய பதினைந்தடிப் பட் ஒன்றை அவர் உருட்ட வேண்டி வந்தது, அது விழுந்தது, தொடர்ந்த கூடுதல் ஆட்டத்தையும் அவர் வென்றார். இந்த இரண்டாவது பட்டைப் பற்றிப் பேசுவோர் குறைவு. லாங்கரைப் புரிந்துகொள்ள உதவுவது அதுதான்.

2007ஆம் ஆண்டில் மூன்று வாழ்க்கைகள் ஒன்றையொன்று கடந்து செல்கின்றன. ஜனவரியில் ஹேல் இர்வின், அறுபத்தோரு வயதில், மூத்தோர் சுற்றின் 45ஆவது வெற்றியைப் பெற்றார். எவரும் நெருங்க மாட்டார்கள் என்று கருதப்பட்ட அந்த எண்ணிக்கை அதோடு நின்றது. ஏப்ரலில் ஸ்பெயினின் செவ பாயெஸ்தெரோஸ் ஐம்பதை எட்டினார். லாங்கர் பிறந்த அதே 1957இல் பிறந்தவர், அவரைப் போலவே மட்டைப் பை சுமந்து வளர்ந்தவர், 1986இல் உலக முதலிடத்தை லாங்கரிடமிருந்து பெற்றவர். ஐரோப்பியச் சுற்றில் 50 வெற்றிகள் கண்ட அவருக்கு அடுத்து நிற்பவர் 42 வெற்றிகள் கண்ட லாங்கர். மரத்தடியிலிருந்தும் வாகன நிறுத்தத்திலிருந்தும் பந்தைக் குழிக்குக் கொண்டுவந்து சேர்க்கும் கற்பனை செவவுக்குப் பிறவியிலேயே வாய்த்திருந்தது. அது முதுகுவலியோடும் வயதோடும் மங்கியபோது, மீண்டும் அதை அழைத்து வருவதற்கு அவரிடம் வழி எதுவும் இருக்கவில்லை. மூத்தோர் சுற்றில் ஒரே ஒரு போட்டியை ஆடிக் கடைசி இடத்தில் முடித்த அவர், ஜூலையில் ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டியில் ஓய்வை அறிவித்தார்; 2011இல் மறைந்தார். அந்த இழப்பை லாங்கரின் வெற்றியோடு எடைபோட்டுப் பார்ப்பது செவவுக்குச் செய்யும் அநீதி. ஆட்டத்தின் அழகை அவரளவு உயர்த்தியவர் வேறெவரும் ஐரோப்பாவில் இல்லை. ஆயினும், கொடையாக வந்தது கொடையாகவே போய்விடக்கூடும் என்பதும், கற்று அடைந்ததை மறுபடி கற்றுக்கொள்ள முடியும் என்பதும் இவ்விருவரின் ஐம்பதாவது வயதில் அருகருகே தெரிகின்றன. ஆகஸ்டில் லாங்கர் ஐம்பதை எட்டினார்; அக்டோபரில் மூத்தோர் சுற்றில் முதல் வெற்றி.

பின்வந்த ஆண்டுகள் வெற்றிகளால் நிரம்பியவை. அவற்றுள் சிலவற்றைச் சொன்னால் போதும். 2010இல் கார்னூஸ்டியில் மூத்தோர் ஓப்பனை வென்று, அடுத்த வாரமே எட்டு மணி நேர வித்தியாசத்தைக் கடந்து அமெரிக்காவின் மேற்குக் கரையில் யுஎஸ் மூத்தோர் ஓப்பனையும் வென்றார். 2014இல் வேல்ஸின் ராயல் போர்த்கால் மைதானத்தில் அவருக்கும் இரண்டாமவருக்கும் இடையே 13 ஸ்ட்ரோக் இடைவெளி. 2019இல் அவர் மூத்தோர் ஓப்பனை மீண்டும் வென்ற இடம் ராயல் லித்தம்: முப்பத்தோரு ஆண்டுகளுக்கு முன் ஐந்து முறை உருட்டிய அதே மைதானம்.

இவ்வளவுக்கும் அடியில் இருந்தது அளவிடும் பழக்கம். மைதானத்தின் நீர்த்தெளிப்பான்களில் கிரீனுக்கு உள்ள தூரம் பொறிக்கப்பட்டிருப்பதுண்டு. அந்தத் தூரம் தெளிப்பான் மூடியின் முன் விளிம்பிலிருந்தா பின் விளிம்பிலிருந்தா என்று தம் உதவியாளரிடம் லாங்கர் கேட்டதாக ஒரு செய்தி ஆட்டக்காரர்களிடையே வழங்குகிறது. அது வேடிக்கைக்காகச் சொல்லப்படுவதே. ஆனால், கையை நம்ப முடியாத ஒருவர் கணக்கை எந்த அளவுக்கு நம்பவேண்டியிருந்தது என்று எண்ணிப் பார்த்தால் அந்தக் கேள்வியின் நியாயம் விளங்கும். 2020 நவம்பரில், அறுபத்துமூன்று வயதில், மாஸ்டர்ஸில் வெட்டைத் தாண்டி, அதுவரை அங்கு வெட்டைத் தாண்டியவர்களுள் மிக மூத்தவரானார். அந்த ஆண்டின் யுஎஸ் ஓப்பன் வெற்றியாளரும் உலகிலேயே பந்தை மிக அதிக தூரம் அடிப்பவர் என்று பேசப்பட்டவருமான பிரைசன் டீஷாம்போ, கடைசி நாளில் அவரோடு சேர்ந்து ஆடினார். இளையவரின் பந்து ஒவ்வொரு முறையும் பல பத்துக் கஜங்கள் முன்னே சென்று விழ, நான்கு நாள் கணக்கில் மூத்தவரே ஒரு ஸ்ட்ரோக் முன்னே நின்றார்.

அவருக்கு எதிரான வாதங்களுள் கவனிக்கத்தக்கது நீண்ட மட்டையைப் பற்றியது. அந்த மட்டையின் மேல்முனையை மார்பிலோ வயிற்றிலோ ஊன்றிக்கொண்டு உருட்டுவது, நடுக்கத்துக்கு ஒரு முட்டுக்கட்டை கொடுத்துவிடுவதால், ஆட்டத்தின் சோதனையையே குறைத்துவிடுகிறது என்று முடிவுசெய்து, விதிகளை வகுக்கும் அமைப்புகள் 2016 ஜனவரி 1 முதல் அதைத் தடைசெய்தன. லாங்கரின் காலம் முடிந்தது என்று அப்போது பலர் நம்பினார்கள். அவரோ மட்டையை மாற்றாமல், மேல்முனையை மார்பிலிருந்து சற்று விலக்கிப் பிடிக்கக் கற்றுக்கொண்டார். 2017இல் அவருடைய கை உண்மையிலேயே மார்பைத் தொடாமல் இருக்கிறதா என்ற ஐயம் வெளிப்படையாக எழுப்பப்பட்டபோது, அவர் விதியை மீறியதாகக் கொள்ள ஆதாரமில்லை என்று அமெரிக்க கோல்ஃப் சங்கம் அறிவித்தது. தடைக்குப் பிந்தைய அந்த 2017இலேயே அவர் ஏழு போட்டிகளை, அவற்றுள் மூன்று மேஜர்களை, வென்றார். ஊன்றுகோல் போன பிறகும் நடக்க முடிந்தவரைப் பார்த்து, அவர் ஊன்றுகோலால்தான் நடந்தார் என்று சொல்வது பொருந்தாது.

2023 பிப்ரவரியில் இர்வினின் 45 வெற்றிகளைச் சமன்செய்த லாங்கர், ஜூலை 2 அன்று விஸ்கான்சின் மாநிலத்தின் சென்ட்ரிவேர்ல்ட் மைதானத்தில் யுஎஸ் மூத்தோர் ஓப்பனை வென்று அதைக் கடந்தார். அப்போது அவருக்கு வயது 65. அடுத்த இரு இடங்களில் வந்த ஸ்டீவ் ஸ்ட்ரிக்கரும் ஜெரி கெல்லியும் அந்த மாநிலத்தின் மைந்தர்கள். கூட்டத்தின் ஆதரவு அவர்களுக்கே இருந்தது. வயதிலோ இருவரும் லாங்கருக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் இளையவர்கள். கடைசி மூன்று குழிகளிலும் அவர் ஒவ்வொரு ஸ்ட்ரோக் இழந்தார். அதற்குள் சேர்த்திருந்த முன்னிலை போதுமானதாக இருந்தது. கியாவா தீவில் எதிரே நின்றவரின் சாதனையை அவர் கடப்பதற்கு இடையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் சென்றிருந்தன.

2024 பிப்ரவரியில், ஃப்ளோரிடாவில் பிக்கிள்பால் ஆடிக்கொண்டிருந்தபோது, குதிகாலுக்கு மேலே உள்ள அக்கிலிஸ் தசைநாண் அறுந்தது. ஊன்றிச் சுழலும் காலையே நம்பியிருக்கும் ஓர் ஆட்டத்தில், அறுபத்தாறு வயதில் இது ஆட்டவாழ்வை முடித்துவைக்கப் போதுமான காயம். அறுவை சிகிச்சைக்குப் பின் மே மாதத்திலேயே அவர் களத்துக்குத் திரும்பினார். நவம்பரில் ஃபீனிக்ஸ் நகரில் நடந்த அந்த ஆண்டின் இறுதிப் போட்டியில், கடைசி கிரீனில் ஏறக்குறைய முப்பதடித் தூரத்திலிருந்து உருட்டிய பந்து குழியில் விழுந்து ஒரு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் 47ஆவது வெற்றியைத் தந்தது.

ஐந்து மாதங்களுக்குப் பின், 2025 ஏப்ரலில், லாங்கர் தம்முடைய 41ஆவது மாஸ்டர்ஸ் போட்டியை, இனி அங்கு ஆடப்போவதில்லை என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு, அகஸ்டாவில் ஆடினார். இரண்டாம் நாள் மாலை பதினெட்டாவது கிரீனில் ஒரு பட் குழியைத் தவறிச் சென்றது. ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் அவர் வெட்டைத் தாண்டவில்லை. அப்போது அவருக்கு வயது 67.